பானட்டுக்குள் இருப்பது எந்த எஞ்சின்?

அம்பாசடரின் வெளித்தோற்றத்தை வைத்து அதன் எஞ்சினைச் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான இந்த வண்டி, கிரில்லையும் விளக்குகளையும் மாற்றிக்கொண்டதே தவிர, உடல்வாகு பெரிதாக மாறவில்லை. உள்ளே ஓடிய எஞ்சின்களோ பல. போதாக்குறைக்கு, டீசல் மலிவாக விற்ற நாட்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிய வண்டிகளும் ஏராளம். பழைய அம்பாசடர் வாங்குபவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பானட்டைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

ஹெட்டைப் பாருங்கள்

சிலிண்டர் ஹெட் தட்டையாக இருந்து, பிளக்குகள் அதன் மேல் வானம் பார்த்து நின்றால் அது 1476 சி.சி. சைடு வால்வ் எஞ்சின். ஆரம்பகால வண்டிகளில் வந்தது. இன்று கிடைப்பது அபூர்வம். 1959-இல் அதன் இடத்துக்கு வந்தது 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின். இதில் வால்வுகள் ஹெட்டிலேயே இருப்பதால் மேலே நீளமான டேப்பட் கவர் மூடியிருக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் கார்புரேட்டர் இடப்பக்கம், பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம்.

பின்னால் வந்த பி.எம்.சி. டீசலும் அதே 1489 சி.சி.தான், போர், ஸ்ட்ரோக்கில்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் வயர்களும் இருக்காது. டீசல் பம்பிலிருந்து நான்கு மெல்லிய இரும்புக் குழாய்கள் இன்ஜெக்டர்களுக்குப் போகும்.

1990-களில் வந்தது இசுசுவின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதோடு ஐந்து கியர் பாக்ஸும் ஃப்ளோர் கியரும் வந்தன. ஆனால் கியர் கம்பியை மட்டும் நம்பி முடிவுக்கு வரவேண்டாம். கியர் பாக்ஸையும் மாற்றிப் போட்டிருக்கலாம்.

அளவு பொய் சொல்லாது

சந்தேகம் தீராவிட்டால், எஞ்சினைப் பிரிக்கும் சமயத்தில் அளந்துவிடலாம். ரீபோர் செய்யச் செய்ய போர் பெரிதாகிக்கொண்டே போகும். ஸ்ட்ரோக் அப்படியல்ல; கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றினாலொழிய மாறாது. 1489 சி.சி.க்கு அது 88.9 மி.மீ., இசுசு பெட்ரோலுக்கு 82 மி.மீ. அனுபவமுள்ள மெக்கானிக் பிஸ்டன் செட் வாங்கப் போகும் முன் இரண்டையும் அளந்து குறித்துக்கொள்வார்.

காகிதமும் பேச வேண்டும்

பிளாக்கில் பொறித்திருக்கும் எஞ்சின் எண்ணைத் துடைத்துவிட்டு, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுங்கள். அது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டிகளை ‘வின்டேஜ்’ எனத் தனியாகப் பதிவுசெய்து, ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட் பெறலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1965 மாடல் வண்டிக்குள் இசுசு உட்கார்ந்திருந்தால், தினசரி ஓட்ட அது சுகமான வண்டிதான். வின்டேஜ் விலை கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.