வெண்பனி மலையும் தேயிலை மலையும்

அப்புத்தளையிலே குளிருக்குக் குறைவில்லை. மார்கழி, தை மாதங்களிற் சில நாட்களில் முற்பகல் பத்து மணியாகியும் மூடுபனி எங்கள் பாடசாலை முற்றத்தை விட்டு அகலாது. ஒரு நாள் வகுப்பிலே, யப்பானிய வெண்பனிக் காட்சியொன்றைப் படத்திற் கண்ட மாணவனொருவன், "நம்ம ஊரும் மலைதானே சேர், இங்க ஏன் பனி இப்பிடிக் கொட்டுறதில்ல?" என்று வினவினான். அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. பின்னர் ஆசிரியர் குழுவொன்றுடன் யப்பான் சென்று, நொசாவா ஒன்சென் என்னும் சிறு கிராமத்திலே மூன்று நாட்கள் தங்கியபோதுதான் முழு விடையும் எனக்கு விளங்கிற்று.

உயரம் ஒன்றே வெண்பனிக்குக் காரணமன்று. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்திலுள்ளது. நொசாவாவோ ஏறக்குறைய 560 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. வட அகலக்கோடு 37 பாகையை ஒட்டி அக்கிராமம் அமைந்திருக்கிறது. தென் ஸ்பெயினும் அதே கோட்டையொட்டியதே; ஆயினும் அங்குள்ள தாழ்ந்த ஊர்களில் இத்தகைய பனிக்குவியல் இல்லை. அவ்வாறாயின் வேறுபாடு எங்கேயுள்ளது? காற்றிலேதான் உள்ளது.

நேயர்களே, நம்முடைய தென்மேற்குப் பருவக்காற்றைச் சற்று நினைவு கூருங்கள். கடலில் நீராவியை அள்ளிவரும் அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் பெருமழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்தபின் மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் அடைகிறது. கீழ்மாகாணத்தார் கச்சான் என அழைக்கும் காற்றும் இதுவே. ஆடி, ஆவணி மாதங்களில் இவ்வுலர் காற்று படுவதாலேயே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த அந்த நறுமணம் வாய்க்கிறது.

யப்பானிலும் இதே நாடகம் மாரிகாலத்தில் நடைபெறுகிறது. சைபீரியாவிற் பிறந்த கடுங்குளிர்க் காற்று யப்பான் கடலைக் கடக்கிறது. சுஷிமா வெந்நீரோட்டம் பாயும் அக்கடல் காற்றுக்கு நீராவியைத் தாராளமாக வழங்குகிறது. காற்று நடுமலைகளில் மோதி மேலேறியதும் அந்த ஈரம் வெண்பனியாக உதிர்கிறது. நம் வானிலே வெப்பநிலை அவ்வளவு தாழ்வதில்லை. நுவரெலியாவிலே சில அதிகாலைகளிற் புல்மேற் படியும் உறைபனியோடு நாம் நின்றுவிடுகிறோம். தோக்கியோவிலிருந்து ஈயாமா நிலையத்துக்கு விரைவுப் புகையிரதத்திற் சென்றபோது இதனைக் கண்ணாரக் கண்டேன். புறப்படுகையில் தெளிந்த நீலவானம். சுரங்கங்கள் பலவற்றைக் கடந்தபின் கூரைகளையே மறைக்கும் வெண்பனி! அவர்களுடைய தோக்கியோ, மழை ஓய்ந்த நம்முடைய ஊவாவைப் போன்றது.

இப்பனியின்மீது சறுக்கும் கலையை யப்பானியருக்கு முறையாகக் கற்பித்தவர், ஒஸ்ரிய இராணுவ அதிகாரி தியோடர் வொன் லேர்ச் ஆவார். 1911ஆம் ஆண்டு தை மாதத்தில், நிகாத்தா மாவட்டத்துத் தகாதா நகரில், யப்பானியப் படைவீரர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். இருகாலுக்கும் இரு நீண்ட பலகைகள் பூட்டுவது ஸ்கீ. ஒரே அகன்ற பலகையிற் பக்கவாட்டாக நிற்பது ஸ்னோபோட். பின்னையது 1965ஆம் ஆண்டு நத்தார் நாளில் அமெரிக்காவின் மிச்சிகனிலே, ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் மகளுக்காக இரு ஸ்கீக்களை ஒன்றாகப் பிணைத்ததிலிருந்து வளர்ந்தது. 1998ஆம் ஆண்டு நகானோவில் நடந்த மாரிகால ஒலிம்பிக் போட்டியிலே முதன்முதலாக இடம்பெற்றது.

புதிதாகப் பழகுவோர்க்கு முதற்பாடம் விரைதலன்று, நிற்றல். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உள்விளிம்புகளாற் பனியைச் சுரண்டினால் வேகம் தணியும். ஐம்பது வயதைக் கடந்த நான் அதனைக் கற்குமுன் ஏழுமுறை விழுந்தேன். என்னைத் தூக்கி நிறுத்திய இளம் பயிற்சியாளர் அவ்வூரிலே பிறந்தவர். கோடையில் தந்தையின் வயலில் உழைப்பவர்.

அவரைக் கண்டதன் பின்னரே அக்கிராமத்தின் அமைப்பை உற்று நோக்கலானேன். அங்கே 13 பொது வெந்நீர்க் குளியலகங்கள் உள்ளன. அவற்றை அயலவரே குழுவாகச் சேர்ந்து துப்புரவு செய்து பேணுகின்றனர். அந்நியரும் அங்கே நீராடலாம். ஏறக்குறைய 90 பாகை வெப்பமுள்ள ஊற்றொன்றில் ஊர்ப்பெண்கள் கீரை அவிக்கின்றனர். பனிச்சறுக்குத் துறையையும் ஊராரே 1923ஆம் ஆண்டிற் கழகம் அமைத்துத் தொடங்கினர். 1990களின் பின் யப்பானிற் சறுக்க வருவோர் தொகை பெரிதுங் குறைந்து, சிறு தலங்கள் பல மூடப்பட்டன. நொசாவாவோ இன்றும் நிலைத்திருக்கிறது. அதற்குக் காரணங்கள் பலவாயினும், ஊர் ஊராருடையதாக இருப்பது அவற்றுள் தலையாயது என்பது என் துணிபு.

நம் ஊருக்கும் பயணிகள் வருகின்றனர். லிப்டன் சீட்டில் நின்று சூரியோதயம் காண்கின்றனர். கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரைப் படம் பிடிக்கின்றனர். ஆனால் தோட்டக் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றுக்குத் தம் வீடு நிற்கும் நிலத்துக்கே உறுதி இல்லை. உறுதியில்லாதவன் தன் வீட்டில் ஓர் அறையைக் கட்டி விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதெப்படி? ஆகவே அவன் பிள்ளை கொழும்புக் கடைக்குப் புறப்படுகிறான். மலையின் அழகினால் வரும் வருவாயோ வேறெங்கோ போய்ச் சேருகிறது.

அன்று வினவிய மாணவனும் இன்று கொழும்பிலேதான் இருக்கிறான். வெண்பனி ஏன் பெய்வதில்லை என்பதற்கு இப்போது அவனுக்கு விடை கூறிவிடுவேன். "சேர், நம்ம ஊர்ல இருந்தே நான் ஏன் பொழைக்க முடியல?" என்று அவன் வினவுவானாயின், அதற்கு விடை காற்றிலே இல்லை; நம்மிடமே இருக்கிறது.