பனிக்காவலுக்கு எந்த பூட்ஸ்?

ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் எல்லை தாண்டி வரும். வேப்பனப்பள்ளிப் பக்கம் அப்போது இரவுக் காவல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆகவே நாம் செய்வது காவல் மட்டும்தான். யானை தெரிந்தால் துரத்தப் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மார்கழிப் பனியில் பரண்மேல் அசையாமல் உட்கார்ந்தால் முதலில் விறைப்பது கால்விரல். காலுக்குச் சூடு தருவது ரப்பரோ தோலோ அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. பூட்ஸ் இறுக்கினால் காற்றும் தங்காது, ரத்தமும் சரியாக ஓடாது. அதனால் மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் காலுறையையும் கொண்டுபோய், விரல்கள் தாராளமாக அசைகின்றனவா என்று பாருங்கள்.

பருத்திக் காலுறை நனைந்தால் ஐஸ்தான். கம்பளி ஈரத்திலும் ஓரளவு வெதுவெதுப்பு தரும். கம்பூட்ஸ் சேற்றைத் தடுக்கும், ஆனால் வியர்வையை வெளியே விடாது. பரண் ஏறியதும் காய்ந்த காலுறைக்கு மாறிவிடுங்கள்.

விடிந்ததும் ஈர பூட்ஸை அடுப்போரம் வைக்க வேண்டாம், ஒட்டுப் பிரியும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்தால் போதும். மறுபடி போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கும் அந்த இருட்டு மூலை பிடிக்கும்!