கரையக் கூடாத தகடு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில் பேட்டரி கடைக்குப் பஞ்சமில்லை. டிராக்டர் பேட்டரி, லோடு ஆட்டோ பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என்று வரிசையாகச் சார்ஜுக்குப் போட்டிருப்பார்கள். மூடியைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் ஆசிட்டில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பிக்கொண்டிருக்கும். கடைக்காரர் அதைக் கொதிக்கிறது என்பார். உண்மையில் சூடு அதிகம் இருக்காது. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. சார்ஜ் ஏறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

அந்தக் குமிழ் ஏன் வருகிறது என்று யாரும் வியப்பதில்லை. ஆனால் அது ஏன் இவ்வளவு நேரம் வராமல் இருந்தது என்பதுதான் வேதியியலுக்குப் பெரிய கேள்வி. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பேட்டரியின் ஒவ்வோர் அறையிலும் இருப்பதோ 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். கணக்குப்படி பார்த்தால், சார்ஜ் ஏற்றிய பேட்டரி தன் தண்ணீரைத் தானே உடைத்துக்கொண்டு சீக்கிரமே வறண்டுபோக வேண்டும். 1859இல் கஸ்டன் பிளாண்டே செய்துகாட்டிய நாளிலிருந்து அது அப்படி நடந்துகொள்ளவில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதிச் சார்ஜைக் காப்பாற்றுகிறது.

காரணம் தகடுகளில் இருக்கும் காரீயத்தின், அதாவது ஈயத்தின், மந்தம். அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி, எதிர்மின்வாய்த் தகட்டில் ஓர் எலெக்ட்ரானை வாங்கி அணுவாக வேண்டும். பிறகு இரண்டு அணுக்கள் சேர்ந்து வாயுவாக வேண்டும். பிளாட்டினத்தின் மேல் இது கண்ணிமைப்பதற்குள் நடக்கும், ஏனென்றால் ஹைட்ரஜன் அணு வந்து ஒட்டிக்கொள்ள அங்கே சரியான பிடி இருக்கிறது. காரீயத்தில் அந்தப் பிடி கிட்டத்தட்ட இல்லை. கூடுதல் மின்னழுத்தம் எதுவும் தராமல் ஒப்பிட்டால், பிளாட்டினத்தைவிடக் காரீயத்தில் இந்த வேலை நூறு கோடி மடங்குக்கும் மேல் மெதுவாக நடக்கிறது. அதை வேகப்படுத்த வேண்டுமானால் அதிகப்படி வோல்ட் கொடுத்துத் தள்ள வேண்டும். அந்த அதிகப்படிக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். நேர்மின்வாயில் உள்ள ஈய டையாக்சைடும் ஆக்சிஜன் விஷயத்தில் இதே போல மந்தம்தான். ஆகவே ஓர் அறைக்கு 2.4 வோல்ட் வரை ஏறினால்தான் கடைக்காரர் சொல்லும் கொதிப்பு நன்றாகத் தொடங்குகிறது.

பழைய பேட்டரிகளுக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்ததற்கும் விடை இங்கேயே இருக்கிறது. தகட்டின் சட்டம் வளையாமல் இருக்க ஈயத்தோடு ஆன்டிமனி கலப்பார்கள். அது மெல்லக் கரைந்து எதிர்த் தகட்டில் போய்ப் படியும். ஆன்டிமனியின் மேல் ஹைட்ரஜன் எளிதாக வெளியேறும், தண்ணீர் குறையும். ஆன்டிமனியை விட்டுவிட்டுக் கால்சியம் கலந்ததும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி வந்துவிட்டது.

இந்த மந்தத்துக்கு முதலில் கணக்குப் போட்டவர் யூலியுஸ் டாஃபெல். சுவிட்சர்லாந்தில் 1862இல் பிறந்து, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பணியாற்றியவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை படிப்பவரும் சரி, வேறெங்கு படிப்பவரும் சரி, டாஃபெல் சமன்பாட்டைத் தாண்டாமல் மின்வேதியியல் தாளைத் தாண்ட முடியாது. மின்னோட்டம் பத்து மடங்கு கூடினால் மிகை மின்னழுத்தம் ஒரே அளவு கூடும். காரீயத்தில் அந்த அளவு ஏறத்தாழ 0.12 வோல்ட். 1905இல் வந்த இந்த விதியை வரைபடத் தாளில் நேர்கோடாகப் போட்டு மனப்பாடம் செய்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று எந்த வகுப்பிலும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் டாஃபெல் மின்வேதியியலைத் தேடிப் போனவரே அல்ல; கரிம வேதியியல்காரர். எட்டிக்கொட்டையில் இருக்கிற ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சின் அமைப்பைக் கண்டுபிடிக்கப் போராடியவர். காபியில் இருக்கும் காஃபீனையும் விட்டுவைக்கவில்லை. இவற்றை வழக்கமான வினைபொருள்களால் ஒடுக்கிப் பார்த்தால், அதாவது எலெக்ட்ரான் ஏற்றிப் பார்த்தால், சரிவரவில்லை. மின்சாரத்தால் ஒடுக்கலாம் என்றால், எலெக்ட்ரானையெல்லாம் ஹைட்ரஜனே தின்றுவிடும். ஹைட்ரஜனைக் காக்கவைக்கும் உலோகம் தேவைப்பட்டது. சுத்தமான காரீயத் தகட்டைப் போட்டார், வேலை நடந்தது. தகட்டில் வேறு உலோகம் துளி ஒட்டியிருந்தாலும் எல்லாம் கெட்டுப்போகும் என்பதையும் கண்டார். ஆன்டிமனி கலந்த பேட்டரியின் கதையேதான்.

இவ்வளவும் முன்கதை. 1911இல் அவர் வெளியிட்ட ஒரு வேலைதான் விசித்திரம்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் மணக்கிறதே, அந்த அசிட்டோன். அதைத் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் விட்டு, காரீயத்தை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அசிட்டோன் எலெக்ட்ரானை வாங்கி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அது ஆகவும் செய்கிறது. கூடவே கனமான எண்ணெய் ஒன்றும் சிவப்பாகத் திரள்கிறது. சோதனையை முடித்துத் தகட்டைக் கழுவித் துடைத்து எடை போட்டால் எடை குறைந்திருக்கிறது. பளபளவென்று சுரண்டி வைத்த முகம் அரித்துப்போயிருக்கிறது. எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால் அதில் காரீயம். தகட்டிலிருந்த காரீய அணு, ஐசோபுரொப்பைல் தொகுதிகளைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு, தகட்டை விட்டே கிளம்பிவிட்டது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். உலோகம் அமிலத்தில் கரைவது புதிதா? எந்தத் தகட்டில் கரைந்தது என்பதில்தான் அதிசயம். உலோகம் கரைய வேண்டுமானால் எலெக்ட்ரானை இழக்க வேண்டும். எதிர்மின்வாயிலோ எலெக்ட்ரான் வந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இரும்புப் படகுகளின் அடிப்பக்கம் துத்தநாகக் கட்டி பொருத்துவது இந்த நம்பிக்கையில்தான்: துத்தநாகம் கரைந்து எலெக்ட்ரானைக் கொடுக்கும், இரும்பு எதிர்மின்வாயாகிப் பிழைத்துக்கொள்ளும். பூமிக்கடியில் ஓடும் எண்ணெய்க் குழாய்களையும் இப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். எதிர்மின்வாய் என்றாலே பத்திரமான இடம். அந்தப் பத்திரமான இடத்திலிருந்துதான் டாஃபெலின் காரீயம் கரைந்து போனது.

நடந்தது இப்படி. அசிட்டோன் மூலக்கூறு தகட்டை நெருங்கி ஓர் எலெக்ட்ரானையும் ஹைட்ரஜன் அயனியையும் வாங்குகிறது. இப்போது அது பாதி வினையில் நிற்கிற, இணை தேடுகிற துண்டு. அதன் நடுக் கார்பனில் ஒரு கை காலியாக இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவுக்கு இடம் கொடுக்காத காரீயம், இந்தக் கார்பனுக்கு இடம் கொடுக்கிறது. மேலும் எலெக்ட்ரான் வாங்கி, ஆக்சிஜனைத் தண்ணீராகக் கழித்துவிட்டு, கார்பன் நேராகக் காரீய அணுவோடு பிணைகிறது. இரண்டு தொகுதிகளோ நான்கு தொகுதிகளோ சேர்ந்துவிட்டால், அந்த அணுவுக்குப் பக்கத்து அணுக்களோடு இருந்த உறவு தளர்ந்துவிடும். எண்ணெயில் கரையும் மூலக்கூறாக அது நழுவிவிடுகிறது. எலெக்ட்ரானைக் கடத்திவிட மட்டும் வைத்த தகடு, தானே வினைபொருளாகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இதெல்லாம் நடப்பது தண்ணீரில். கார்பனும் உலோகமும் பிணைந்த சேர்மங்களில் பெரும்பாலானவை தண்ணீரைக் கண்டால் உடைந்துவிடும். மக்னீசியம் கொண்ட கிரினார்டு வினைபொருளைச் செய்யும் மாணவர்கள் குடுவையில் ஈரம் துளி இருக்கக் கூடாதென்று படும் பாடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். காரீயச் சேர்மத்துக்கு அந்தக் கவலை இல்லை. எலெக்ட்ரானை இழுக்கும் திறனில் கார்பனின் எண் 2.55, காரீயம் 2.33, மக்னீசியம் வெறும் 1.31. கார்பனும் காரீயமும் ஏறக்குறையச் சம பலம் என்பதால் பிணைப்பு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. தண்ணீர் நுழைந்து பிளக்க இடுக்கு கிடைப்பதில்லை. நான்கு ஈத்தைல் தொகுதிகள் கொண்ட டெட்ராஈத்தைல் ஈயம் தண்ணீரைப் போல 1.65 மடங்கு கனம்; தண்ணீருக்கு அடியில் அமைதியாகத் தங்கிக் கிடக்கும்.

அந்தப் பெயரைச் சொன்னதும் கதை திசை மாறிவிடுகிறது. கார்ல் லோவிக் 1853இல் முதலில் செய்தபோது அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. 1921 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி அதைப் பெட்ரோலில் துளி கலந்ததும் இயந்திரத்தின் தட்டும் சத்தம் நின்றது. தண்ணீருக்கு அசையாத அந்தப் பிணைப்பு சூட்டுக்குத் தாங்காது. இயந்திரத்துக்குள் முறிந்து, நுண்ணிய ஈய ஆக்சைடு துகள்களாகி, பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கும் தொடர்வினையைத் தடுக்கிறது. 1923 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் கடைக்கு வந்தது.

அதைத் தொழிற்சாலையில் செய்த முறை வேதியியல்காரர் கண்ணுக்கு அசிங்கமானது. சோடியத்தோடு காரீயத்தை உருக்கிக் கலந்து, ஈத்தைல் குளோரைடைச் சேர்ப்பார்கள். நான்கு காரீய அணுக்களில் ஒன்றுதான் சரக்காக மாறும். மற்ற மூன்றும் சும்மா திரும்பும். நாலு மூட்டை நெல்லை அரவைக்குப் போட்டால் மூன்று மூட்டை நெல்லாகவே திரும்பி வருவது மாதிரி. அதை மீண்டும் உருக்கி, மீண்டும் சோடியம் சேர்க்க வேண்டும். அந்தச் சோடியத்தைச் செய்வதே உருகிய உப்பில் மின்னாற்பகுப்பு நடத்தித்தான். மின்சாரத்தை இப்படிச் சுற்றிக் கொண்டுவருவதற்குப் பதில் காரீயத்திலேயே நேராகப் பாய்ச்சினால் என்ன என்று 1920களிலேயே தோன்றிவிட்டது; தண்ணீர்க் கரைசலில் ஈத்தைல் அயோடைடு போன்றவற்றை வைத்துக் காப்புரிமைகளும் எடுத்தார்கள். தண்ணீர் மலிவு, தீப்பிடிக்காது, மின்சாரம் கடத்தும். ஆனால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எப்படியும் ஹைட்ரஜனுக்குப் போனது, இன்னொரு பங்கு வேண்டாத சரக்குக்குப் போனது. கடைசியில் நேர்வழியில் வென்றது நால்கோ என்ற அமெரிக்க நிறுவனம். 1964இல், டெக்சஸ் மாநிலம் ஃப்ரீபோர்ட்டில். அவர்கள் தண்ணீரைக் கைவிட்டு ஈதர் வகைக் கரைப்பானுக்குப் போனார்கள். கிரினார்டு வினைபொருளில் காரீயக் குண்டுமணிகளை நேர்மின்வாயாக வைத்துக் கரைத்தார்கள். டாஃபெல் பார்த்ததற்கு நேர் எதிர் முனை.

எந்த முனையில் செய்தாலும் சரக்கு நஞ்சுதான். எண்ணெயில் கரைவதால் தோல் வழியாகவே உள்ளே போகும், மூளையை எட்டும். கல்லீரலில் ஓர் ஈத்தைல் உதிர்ந்து உருவாகும், மூன்று ஈத்தைல் கொண்ட ஈய அயனிதான் நரம்பைத் தாக்குகிறது. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அதற்குப் பிறகும் உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இதை எரித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமில்லாப் பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1 அன்று. கடைசியாக அல்ஜீரியா, 2021 ஜூலை. பஸ்ஸும் லாரியும் டீசலில் ஓடியவை என்பதால் இந்தப் பாவத்தில் அவற்றுக்குப் பங்கில்லை. அம்பாசிடரும் ஸ்கூட்டரும்தான் கக்கின. சிறிய பயிற்சி விமானங்களின் பெட்ரோலில் இன்றும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதி உண்டு.

இந்த ஈயம் சூழலில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடினால், கரையோரச் சேற்றையும் பார்க்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. இந்தக் கரையோரச் சேற்றில் உலோகங்களை அளக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. வடக்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகள் இருக்க, அது நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் சேற்றை அமிலத்தில் கரைத்துச் சாதாரண முறையில் அளந்தால் மொத்தக் காரீயம்தான் தெரியும். கார்பனோடு பிணைந்தது எவ்வளவு, உப்பாக இருப்பது எவ்வளவு என்று பிரித்தறிய வேறு கருவி வேண்டும். அந்தப் பாகுபாடு முக்கியம். பி.வி.சி. குழாயில் வெப்பம் தாங்குவதற்காகச் சேர்த்துவந்த ஈய ஸ்டியரேட்டில் காரீயம் பிணைந்திருப்பது ஆக்சிஜனோடு. அதுவும் நல்லதல்ல, 2021இல் அதைக் கட்டுப்படுத்த விதி வந்தது. ஆனாலும் அது டாஃபெலின் எண்ணெயின் இனம் இல்லை.

மீண்டும் தகட்டுக்கு வருவோம். காரீயத் தகடு கரைவது மற்ற மின்வேதியியல்காரர்களுக்கு வெறும் தொல்லை. மான்சான்டோ நிறுவனம் 1965இல் நைலானுக்கான மூலப்பொருளைத் தண்ணீர்க் கரைசலில் காரீய எதிர்மின்வாயை வைத்துத் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு காட்மியம் பூசிய எஃகுக்கு மாறியது. நம் பக்கம் இந்தத் துறைக்கு வீடு காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அங்கே எச்.வி.கே. உடுப்பாவும் குழுவினரும் எதிர்மின்வாயைச் சுழலவிட்டுக் கரிமப் பொருள்களை ஒடுக்கினார்கள். பாராசிட்டமாலுக்கு முந்தைய பொருளான பாரா-அமினோஃபீனாலை நைட்ரோபென்சீனிலிருந்து இப்படித்தான் எடுத்தார்கள். அதே குழு காரீயத்தை எதிர் முனைக்கும் கொண்டுபோனது: ஈய நைட்ரேட் கரைசலில் கிராஃபைட்டை முக்கி, அதன் மேல் ஈய டையாக்சைடைப் படியவைத்து, விலையுயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதிலாகக் குளோரேட் தயாரிக்கும் நேர்மின்வாயாக்கியது. குளோரேட் போவது தீக்குச்சித் தலைக்கு. சாதாரண உலோகம் கரைந்துபோகும் அந்த முனையில் இந்தக் காரீயம் கரைவதில்லை. இழக்க வேண்டிய நான்கு எலெக்ட்ரான்களையும் அது ஏற்கெனவே ஆக்சிஜனிடம் இழந்துவிட்டது.