மண்ணடிக்கு மண்ணுக்கடியில் ஒரு வழி

செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டார வணிகர்களாகிய நாம் சரக்கு எடுக்க மண்ணடிக்கும் பாரிமுனைக்கும் போவது காலங்காலமான வழக்கம். ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குவோருக்கு இப்போது ஆட்டோ பேரம் தேவையில்லை. அங்கேயே மெட்ரோ ரயில் சுரங்க நிலையம் உண்டு. அடுத்த நிறுத்தம் சென்ட்ரல். இவ்விரண்டும் 2018 மே 25இல் திறக்கப்பட்டன.

சென்ட்ரலில் தரைக்கடியில் முதலில் பயணச்சீட்டுத் தளம். அதற்கும் கீழே ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு ரயில் தடங்கள். நாம் வெளியே வராமலே தளம் மாறி, வண்ணாரப்பேட்டைத் தடத்தில் ஏறவேண்டும். இத்தடம் 2019 பிப்ரவரி 10இல் இங்கு வந்தது. முதல் நிறுத்தம் உயர் நீதிமன்றம், இரண்டாவது மண்ணடி.

ஒன்றை மறக்கலாகாது: இது ஆளுக்கான வழி, மூட்டைக்கானதன்று. பெரிய மூட்டைகளை உள்ளே விடமாட்டார்கள். சரக்கைப் பார்த்து, விலை முடித்து, லாரி பார்சலில் போட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதே நமக்கு லாபம்.