மும்பை பார்க்கப் புறப்படுகிறீர்களா?

பட்டணத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெரியோர்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "திருடர்கள் இருப்பார்கள்; பணப்பை ஜாக்கிரதை!" இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை குட்டிகளுடன் மும்பைக்குப் போய் வந்த அநுபவத்தில் சொல்லுகிறேன்: அங்கே திருடனைக் காட்டிலும் பொல்லாத ஆசாமி ஒருவன் இருக்கிறான். அவன் நம்முடனேயே ரயிலேறி வருகிறான். அவன் பெயர் அவசரம்.

மாலை 6 மணி. உள்ளூர் மின்சார ரயில் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. "ஏறுங்கள், ஏறுங்கள்!" என்று அதட்டினேன். என் மனைவியும் மூத்த பெண்ணும் ஏறிவிட்டார்கள். எட்டு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு நான் நெருங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளக் கால் துடித்தது. அச்சமயம் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் என் தோளை அழுத்திப் பிடித்து, அடுத்த வண்டி நாலு நிமிஷத்தில் வரும் என்று ஹிந்தியில் சொன்னார். அந்த நாலு நிமிஷத்துக்காகப் பையனின் உயிரையே பணயம் வைக்கப் பார்த்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகையால் நேயர்களே, ரயில் விஷயத்தில் முதலிலேயே குடும்பத்துக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பிரிய நேர்ந்தால், வண்டியில் போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பின்தங்கியவர்கள் அடுத்த வண்டியில் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆனால் விரைவு வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்காது. எனவே, விரைவு வண்டியா, சாதாரண வண்டியா என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகே ஏறுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் தகப்பனார் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

காலை 8 முதல் 11 மணி வரையில் கூட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் போகும். மாலை 5 முதல் 8 மணிக்கு மேல் வரையில் வடக்கே திரும்பும். ஊர் பார்க்க வந்தவர்கள் அந்த வெள்ளத்தில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு; 12 வயதுக்குட்பட்ட பையன்கள் தாயாருடன் அதில் போகலாம். தாமாகக் கதவு மூடிக்கொள்ளும் குளிர்சாதன வண்டிகளும் 2017 டிசம்பரிலிருந்து ஓடுகின்றன. அதற்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். மற்ற வண்டிகளில் வாசற்படியில் நிற்பதே கூடாது. 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே அப்படித் தொங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் தண்டவாளத்தில் விழுந்து மாண்டார்கள்.

தெருவில் டாக்ஸி பிடித்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள். ஆட்டோ ரிக்ஷாவைத் தென் மும்பையில் தேடிப் பிரயோஜனமில்லை. பாந்த்ரா, சயான் இவற்றுக்குத் தெற்கே அவற்றுக்கு அநுமதி கிடையாது. ஆபத்து நேர்ந்தால் 112, ரயிலில் உதவிக்கு 139, குழந்தை தவறிவிட்டால் 1098 என்ற எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, பார்க்க வேண்டிய இடங்கள். "இந்தியாவின் வாயில்" என்னும் கேட்வே மண்டபத்தில் தொடங்கலாம். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் ஞாபகார்த்தமாக எழுப்பி, 1924-இல் கட்டி முடித்தார்கள். மன்னர் வந்ததை நினைவூட்டும் அந்த வாயில் வழியாகவே 1948 பிப்ரவரி 28-இல் கடைசிப் பிரிட்டிஷ் படை கப்பலேறியது! அங்கிருந்து ஒரு மணி நேரப் படகுப் பிரயாணத்தில் எலிபெண்டா குகைகள். சுமார் 20 அடி உயரமுள்ள மும்முகச் சிவபெருமானின் முன் நின்றால் பேச்சு எழாது. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை; மழைக் காலத்தில் படகு ஓடாமலும் போகலாம். 2024 டிசம்பர் 18-இல் இவ்வழியே சென்ற படகொன்றில் கடற்படையின் விசைப்படகு மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே மிதவைச் சட்டையை அணிந்த பிறகே படகில் உட்காருங்கள்.

மாலையில் மரீன் டிரைவ் கடற்கரைச் சாலை. காற்று வாங்கச் சுவர்மேல் உட்காரலாம்; அதற்கு அப்பால் அடுக்கியுள்ள சிமெண்டுக் கட்டிகளில் இறங்காதீர்கள். அவை வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் பொங்கும் வேளைகளில் சுவரருகிலும் போக வேண்டாம்.

மறுநாள் காலை மணி பவனம். 1917 முதல் 1934 வரை காந்தி மகான் மும்பையில் தங்கிய வீடு இது. அவரது வாழ்க்கைக் காட்சிகளைச் சிறு பொம்மைகளாக அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கோவாலியா குளத்து மைதானம். 1942 ஆகஸ்ட் 8-இல் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறிய இடம்.

அந்த மைதானத்தின் அருகில்தான், 1885 டிசம்பரில் 72 பிரதிநிதிகளுடன் முதல் காங்கிரஸ் கூடிய கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரி இருந்தது. அம் மகாசபையின் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம்முடைய "சுதேசமித்திரன்" ஜி. சுப்பிரமணிய ஐயர். அன்று தொடங்கிய காரியம் 1947-இல் கைகூடியது. என் பையனிடம் இதைச் சொன்னபோது, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அறுபத்திரண்டு வருஷமா காத்திருந்தார்கள்?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றேன். அன்று மாலை ரயில் நிலையத்தில் கூட்டமாக ஒரு வண்டி வந்தது. நான் அசையவில்லை. பையன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நாலு நிமிஷத்தில் அடுத்த வண்டி வந்தது. நால்வரும் சேர்ந்தே ஏறினோம்.