சரக்கை யாரிடம் ஒப்படைப்பது? லாரி சர்வீஸ் தேர்ந்தெடுக்கச் சில யோசனைகள்

கொள்முதலில் குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறோம். அதே சரக்கை ஏற்றி அனுப்பும்போது மட்டும், "எந்த லாரி கிடைக்கிறதோ அதில் போட்டு விடுங்கள்" என்று சொல்லி விடுகிறோம். 100 மூட்டை சர்க்கரையில் மூட்டைக்கு 20 ரூபாய் நின்றால் லாபம் 2,000 ரூபாய். 50 கிலோ மூட்டை ஒன்றே ஒன்று மழையில் நனைந்து வீணானால் அந்த லாபம் அப்படியே போய்விடும். ஆகவே வணிகர்கள் லாரி சர்வீஸ் விஷயத்திலும் கவனம் வைக்க வேண்டும்.

வாடகை மட்டும் பார்க்க வேண்டாம்

மற்றவர்களைவிட மிகவும் குறைத்து வாடகை கேட்பவர் எப்படிக் கட்டுப்படி செய்கிறார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அளவுக்கு மீறி பாரம் ஏற்றித்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிகப்படி சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டியை விடுவார்கள். இறக்கப்படும் மூட்டை நம்முடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

புக்கிங் ஆபீசுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். குடோன் தரை ஈரமாக இருக்கிறதா? மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குகிறார்களா? மிளகாய், சர்க்கரை மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுக்கிறார்களா? தார்ப்பாய் முழுதாக இருக்கிறதா? தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியும், அரிசிக்கு மேல் பூச்சி மருந்தும் ஏற்றுகிற இடமானால் அங்கேயே திரும்பி விடலாம். அதே ஊருக்குச் சரக்கு போடும் இரண்டு வியாபாரிகளிடம், "நஷ்டம் வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள்?" என்று கேளுங்கள். நல்ல நாளில் எல்லோரும் நல்லவர்களே.

சட்டம் என்ன சொல்கிறது?

1865ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பதிலாக, சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2011இல் அமலுக்கு வந்தது. பலரிடமும் சரக்கு வாங்கி வாடகைக்குக் கொண்டு செல்லும் நிறுவனம் இதன்படி பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். ஒழுங்கானவர் கேட்டவுடன் காட்டுவார்.

நாம் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று. நஷ்டம் ஏற்பட்டால் லாரி சர்வீஸ் தரவேண்டிய தொகைக்கு வரம்பு உண்டு. வாடகையைப் போல் பத்து மடங்கு. அதுவும் நாம் எழுதிக் கொடுத்த சரக்கு மதிப்பைத் தாண்டாமல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80,000 ரூபாய் மதிப்புள்ள பத்து மூட்டை மிளகாய்க்கு வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு முழுதும் போனாலும் கிடைப்பது 10,000 ரூபாய்தான். மீதி 70,000 ரூபாய் நம் தலையில். இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. கூடுதல் பொறுப்புக்கான அதிகக் கட்டணத்தைக் கட்டி எழுதி வாங்கலாம். அல்லது 'மரைன்' இன்சூரன்ஸ் எடுக்கலாம். பெயர்தான் கடல், சாலை வழிச் சரக்குக்கும் அது பொருந்தும். அடிக்கடி சரக்கு அனுப்புகிறவர்கள் வருடத்துக்கு ஒரே பாலிசியாக எடுத்துக் கொள்ளலாம்.

ஏற்றும்போது

எல்.ஆர். ரசீதில் மூட்டை எண்ணிக்கை, எடை, மதிப்பு, வாடகை 'பெய்டா' 'டூ பே'யா என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதினால் நஷ்ட ஈடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான்.

வெளி மாநிலச் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் இருந்தால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. 900 கிலோமீட்டருக்கு 5 நாள். வழியில் வண்டி மாற்றினால் புதிய வண்டி எண்ணைப் பதிய வேண்டும். இதில் அசட்டையான சர்வீசிடம் சரக்கு போட்டால், வழியில் பிடிபட்டு வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கட்ட நேரிடும்.

இறக்கும்போது

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வணிகருக்கு ஐப்பசி மழையில் ஆறு மூட்டை சர்க்கரை நனைந்து வந்தது. அவர் டெலிவரி சீட்டிலேயே "6 மூட்டை ஈரம்" என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கினார். செல்போனில் படம் எடுத்தார். மறுநாளே நோட்டீஸ் கொடுத்தார். "ரசீதின் பின்பக்கம் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சிட்டிருக்கிறதே" என்றார்கள் லாரி ஆபீசில். சரக்கு சேதத்துக்கு வழக்குப் போடுகிறவர், லாரிக்காரரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. இதை எடுத்துச் சொன்ன பிறகு பேசித் தீர்த்துக் கொண்டார்கள். எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அவருக்கு ஒரு ரூபாயும் வந்திருக்காது.

நோட்டீஸ் எழுத்து மூலம் போக வேண்டும். சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும். கணக்கு புக்கிங் தேதியிலிருந்துதான், சரக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. "அடுத்த மாதம் கணக்கில் கழித்துக் கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி நாளைக் கடத்தியவர்கள் பலர்.

நமக்கும் கடமை உண்டு

வாடகைப் பாக்கியை மாதக்கணக்கில் இழுத்துவிட்டு நல்ல சேவையை எதிர்பார்ப்பது நியாயமல்ல. வண்டி வந்து நின்றால் உடனே இறக்குங்கள். இறக்குகூலி யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிக் கொள்ளுங்கள். இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வந்த டிரைவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே சர்வீசுக்குத் தொடர்ந்து சரக்கு கொடுத்தால் வாடகையும் குறையும், நம் மூட்டைக்கு மரியாதையும் கூடும்.

வாடகையில் மூட்டைக்கு இரண்டு ரூபாய் அதிகமானாலும் சரக்கு முழுதாக வந்து சேர்ந்தால் அதுவே லாபம். விசாரித்துக் கொடுங்கள், எழுதி வாங்குங்கள், எண்ணி இறக்குங்கள்.