கழிவுநீர் மின்கலத்தில் உப்பு ஏன் கசிகிறது?

கழிவுநீரின் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களைக் கொண்டு மின்சாரம் எடுப்பது நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.சி. பாட்டர் 1911-லேயே இதன் அடிப்படையைச் செய்துகாட்டினார். இன்றும் இது பரவலாகாததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, ஆனோடு, கேத்தோடு ஆகிய இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சவ்வின் வழியே நடக்கும் உப்புக் கசிவு.

என்ன நடக்கிறது?

ஆனோடு அறையில் பாக்டீரியா கரிமப் பொருளைச் சிதைக்கும்போது எலக்ட்ரானும் புரோட்டானும் பிரிகின்றன. எலக்ட்ரான் கம்பி வழியே கேத்தோடுக்குச் செல்லும். புரோட்டான் சவ்வைக் கடந்து அங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து நீராக வேண்டும். ஆனால் நஃபியான் போன்ற சவ்வு எல்லா நேர்மின் அயனிகளுக்கும் வழிவிடும். கழிவுநீரில் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவை புரோட்டானைப் போல் சுமார் லட்சம் மடங்கு இருப்பதால், பெரும்பாலும் அவையே கடக்கின்றன. நெதர்லாந்தில் ரோசெண்டால் குழு 2006-ல் இதை அளந்து காட்டியது.

விளைவாக, புரோட்டான் தேங்கும் ஆனோடு அறை அமிலமாகிறது, அது குறையும் கேத்தோடு அறை காரமாகிறது. பிஎச் வேறுபாட்டின் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 59 மில்லிவோல்ட் இழப்பு. அரை வோல்ட் அளவே தரும் கலத்துக்கு இது பெரிய அடி.

இன்னொரு கசிவும் உண்டு. ஓர் அறையில் உப்பு அடர்த்தி மிகுந்தால், மின்னோட்டமே இல்லாதபோதும் உப்பு சவ்வில் ஊறி மறுபக்கம் போகும்.

எப்படிக் குறைப்பது?

ஊறும் கசிவுக்கு, இரு அறைகளின் உப்பு அடர்த்தியையும் நெருக்கமாக வைப்பதே எளிய வழி. தடித்த சவ்வும் உதவும். ஆனால் மின்தடை கூடும்.

மின்னோட்டம் இழுத்துச் செல்லும் அயனிகளுக்கு எதிர்மின் அயனிச் சவ்வு ஒரு மாற்று. அதில் பைகார்பனேட், பாஸ்பேட் போன்றவை எதிர்த்திசையில் வந்து ஆனோடு அறையின் அமிலத்தைத் தணிக்கும். காற்றை நேரடியாகத் தொடும் கேத்தோடு வைத்தால் உப்புக் கரைசல் நிரப்பிய தனி அறையே தேவையில்லை.

சவ்வையே எடுத்துவிட்டால்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் குளுக்கோஸ் கொண்டு செய்த சோதனையில், மின்திறன் சதுர மீட்டருக்கு 262 மில்லிவாட்டிலிருந்து 494 ஆக உயர்ந்தது. ஆனால் ஆக்சிஜன் உள்ளே புகுந்ததால், மின்னோட்டமாகக் கிடைத்த எலக்ட்ரான்களின் பங்கு 40–55 சதவீதத்திலிருந்து 9–12 ஆகச் சரிந்தது.

சில இடங்களில் கசிவே பயன்தரும். சிறுநீரில் இயங்கும் கலத்தில் சவ்வைக் கடக்கும் அம்மோனியம், கார நீரில் அம்மோனியா வாயுவாகிறது. அதைப் பிடித்து உரமாக்கலாம்.

எனவே விலையுயர்ந்த சவ்வைத் தேடும் முன், மின்சுற்றைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் உப்பு கடந்தால் சிக்கல் அடர்த்தி வேறுபாட்டில், நின்றுபோனால் மின்னோட்டத்தில். இரண்டுக்கும் மருந்து வேறு.